வீட்டுக்குப் போய்ச் சொல்

பிரியமானவர்களே, மிஷனரிக் கூட்டம் என்றாலே நாம் எடுக்கிற வசனம் மத்தேயு 28:19. "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று பெரிய எழுத்தில் எழுதி மேடைக்குப் பின்னால் மாட்டிவிடுவோம், அதோடு சரி. அதற்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் வேதாகமத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவோம். 17-ஆம் வசனத்தைப் பாருங்கள். பதினொரு சீஷர்களும் கலிலேயாவில் அந்த மலைக்குப் போகிறார்கள், அவரைக் கண்டு பணிந்துகொள்கிறார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." உயிர்த்தெழுந்தவர் கண்ணெதிரே நிற்கிறார், அப்போதும் சந்தேகம்! சந்தேகப்பட்டவர்களை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கச்சொல்லிவிட்டு மற்றவர்களிடம் மட்டும் அவர் பேசவில்லை. எல்லாரிடமும் சேர்த்துத்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். "என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கட்டும், அப்புறம் சாட்சி சொல்கிறேன்" என்று பல வருஷமாகக் காத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வசனத்தின் மறுமுனையையும் பாருங்கள். ஞானஸ்நானம் கொடுப்பதோடு கட்டளை முடியவில்லை. "நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும் அவர்கள் கைக்கொள்ளும்படி" உபதேசம் பண்ணச் சொல்கிறார். யாவையும் என்றால், சத்துருவைச் சிநேகிப்பது, ஏழெழுபது தரம் மன்னிப்பது, பணத்துக்கு ஊழியம் செய்யாமலிருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு மனிதனுக்குச் சுவிசேஷத்தை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம், மன்னிக்கக் கற்றுக்கொடுக்க எத்தனை வருஷம் ஆகும்? அதுவும் நாமே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் இருந்துகொண்டு எப்படிக் கற்றுக்கொடுப்பது? சுவிசேஷம் சொல்வது ஒரு வேலை, அது ஊழியக்காரருக்கு. சீஷனாக வாழ்வது இன்னொரு வேலை, அது ரொம்ப ஆவிக்குரியவர்களுக்கு. மிச்சமிருக்கிற நமக்கு ஞாயிறு ஆராதனை போதும் என்று ஒரு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறோமே, அந்த ஏற்பாடு வேதத்தில் எங்கேயும் இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அவ்வளவுதான்.

மாற்கு 3:14-ல் இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்ததற்கு இரண்டு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. தம்மோடுகூட இருக்க, பிறகு பிரசங்கம்பண்ண அனுப்பப்பட. இந்த வரிசையை வைத்துக்கொண்டு சிலர், முதலில் நன்றாக வளரட்டும், பயிற்சி முடியட்டும், அப்புறம் அனுப்பலாம் என்பார்கள். ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி 6-ஆம் அதிகாரத்திலேயே அவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பிவிடுகிறார். அப்போது பேதுருவுக்கு என்ன தெரியும்? இயேசு யார் என்ற அறிக்கையே 8-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது, அந்த அறிக்கை செய்த கையோடு சிலுவையைப் பற்றிக் கேட்டதும் ஆண்டவரையே கடிந்துகொள்கிறான், "எனக்குப் பின்னாகப்போ சாத்தானே" என்று வாங்கிக்கட்டிக்கொள்கிறான். அரைகுறையாகத் தெரிந்தபோதே அனுப்பப்பட்டவன் அவன், போனான், சொன்னான், திரும்பி வந்து இன்னும் கற்றுக்கொண்டான். கூட இருப்பதும் போவதும் அவர்களுக்கு மாறி மாறி நடந்துகொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு மனிதன் இருக்கிறான். மாற்கு 5-ஆம் அதிகாரம், கதரேனருடைய நாடு. கல்லறைகளில் குடியிருந்தவன், சங்கிலிகளை முறித்தவன், இரவும் பகலும் கூக்குரலிட்டுக் கல்லுகளினாலே தன்னைக் காயப்படுத்திக்கொண்டவன். இயேசு அவனை விடுவிக்கிறார். அவனை விட்டுப் போன அசுத்த ஆவிகள் புகுந்ததால் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டுபோகின்றன. ஊர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். அவன் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான், அதைப் பார்த்து அவர்களுக்குப் பயம் வருகிறது. சந்தோஷம் வந்ததாக எழுதப்படவில்லை, பயம்தான். எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவை வேண்டிக்கொள்கிறார்கள். அவரும் சண்டை போடாமல் படவில் ஏறுகிறார்.

இந்த மனிதன் ஓடிவந்து, தானும் அவரோடேகூட இருக்கும்படி உத்தரவு கேட்கிறான். கவனியுங்கள், பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கப்பட்ட அதே அழைப்பைத்தான் இவன் தன் வாயாலே கேட்கிறான். நாமாக இருந்தால் உடனே ஒரு கூட்டம் போட்டு மேடையேற்றியிருப்போம், ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போயிருப்போம், இப்படி ஒரு சாட்சி யாருக்குக் கிடைக்கும்! இயேசு மாட்டேன் என்கிறார். "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய், கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம் அவர்களுக்கு அறிவி" என்கிறார்.

படகில் ஏறியிருந்தால் அவனுக்குச் சுலபம், ஏனென்றால் அடுத்த கரையில் அவனுடைய பழைய கதை யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவன் போட்ட கூச்சலில் தூங்காமல் கிடந்தவர்கள், அவனைச் சங்கிலியால் கட்ட உதவியவர்கள், அவனால் பன்றிகளை இழந்தவர்கள், இவர்கள் நடுவில் போய் ஒவ்வொரு நாளும் புத்தி தெளிந்தவனாக வாழ்ந்து காட்டவேண்டும். அது ஒரு நாள் சாட்சியில் முடிகிற காரியமா? அவனிடம் சுவிசேஷப் புத்தகம் ஒன்றும் இல்லை, அப்போது எதுவுமே எழுதப்படவில்லை. மலைப்பிரசங்கத்தை அவன் கேட்டதாகத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம், தான் எப்படி இருந்தோம் என்பதும் யார் தனக்கு இரங்கினார் என்பதும். அவன் போய், தெக்கப்போலி முழுவதும் பிரசித்தம்பண்ணத் தொடங்கினான். தெக்கப்போலி என்பது கிரேக்கப் பண்பாடு ஊறிய பத்துப் பட்டணங்களின் பகுதி. பவுல் புறஜாதிகளிடம் புறப்படுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் இது நடக்கிறது.

அப்புறம் 7-ஆம் அதிகாரம் 31-ஆம் வசனத்தில் இயேசு மறுபடியும் தெக்கப்போலியின் எல்லைகள் வழியாக வருகிறார். போய்விடும் என்று சொன்ன பகுதிதானே, இந்த முறை என்ன நடக்கிறது? கொன்னைவாயுடைய ஒரு செவிடனை அவரிடத்தில் கொண்டுவந்து, அவன்மேல் கையை வைக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். போ என்று வேண்டிக்கொண்ட நாட்டில் இப்போது தொடும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை, அதனால் நானும் அடித்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இடைவெளியில் அங்கே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்ததாக மாற்கு சொல்கிற ஒரே ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆதித் திருச்சபை பரவியதும் இந்த மாதிரிதான். அப்போஸ்தலர் 8:1-ஐ நிதானமாக வாசியுங்கள், ஸ்தேவான் கொல்லப்பட்ட பிறகு வந்த துன்பத்தில் "அப்போஸ்தலர்தவிர" மற்ற எல்லாரும் சிதறிப்போனார்கள். 4-ஆம் வசனம், சிதறிப்போனவர்கள் எங்கும் திரிந்து சுவிசேஷவசனத்தைப் பிரசங்கித்தார்கள். அதாவது எருசலேமில் இருந்தவர்கள் அப்போஸ்தலர்கள், போய்ச் சொன்னவர்கள் சாதாரண விசுவாசிகள். 11-ஆம் அதிகாரத்தில் அப்படிச் சிதறியவர்களில் சிலர், சீப்புருதீவாரும் சிரேனே பட்டணத்தாரும், அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரோடு பேசுகிறார்கள், அநேகர் விசுவாசிக்கிறார்கள். பவுலையும் பர்னபாவையும் முதல் பயணத்துக்கு அனுப்பிவைத்தது பிறகு அந்தச் சபைதான். அதைத் தொடங்கிய அந்த "சிலர்" பெயர் என்ன? லூக்கா ஒரு பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை.

வேதத்துக்கு வெளியேயும் ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் விரோதியின் வாயிலிருந்து. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் இன்று இல்லை, ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு மறுப்பு எழுதும்போது எடுத்துக்காட்டிய பகுதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் செல்சஸ் எரிச்சலோடு சொல்கிற ஒரு குற்றச்சாட்டு, கம்பளி வேலை செய்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் துணி வெளுப்பவர்களும், படிப்பில்லாத ஆட்கள், வீடுகளில் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து இந்த மதத்தைப் பேசுகிறார்கள் என்பது. அவர் இளக்காரமாகத்தான் எழுதினார். எனக்கு அதை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் செருப்புத் தைத்தவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கும்.

சரி, எல்லாரும் சொல்லவேண்டும் என்றால் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா? இங்கேதான் நாம் கொஞ்சம் கூசவேண்டிய இடம் வருகிறது. "ஒருவனை உங்கள் மார்க்கத்தானாக்கும்படி சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறீர்கள்" என்று மத்தேயு 23:15-ல் இயேசு பரிசேயரைத் திட்டுகிறார், சேர்ந்தவனை உங்களிலும் மோசமானவனாக்குகிறீர்கள் என்கிறார். பரிசேயருக்கு உற்சாகக் குறைவே இல்லை, கடல் கடந்துகூடப் போகத் தயார். ஆனால் தங்களைப்போல இன்னொருவனை அச்சடித்துவிட்டு வந்தார்கள். நாம் எப்படிப்பட்ட சீஷனோ அப்படிப்பட்ட சீஷனைத்தான் உருவாக்குவோம். இதை நினைத்தால் பயமாக இல்லையா?

எண்ணிக்கை ஆசையும் ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் கை தூக்கினார்கள், எத்தனை கைப்பிரதி கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுகிற ஆசை. வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்து இறங்கியது 1793-ல். கிருஷ்ண பால் என்ற தச்சர் முதல் ஆளாக ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28-ல், ஏழு வருஷம் கழித்து. ராபர்ட் மாரிசன் 1807-ல் சீனாவுக்குப் போனார், முதல் ஞானஸ்நானம் 1814-ல். அதோனிராம் ஜட்சன் பர்மாவில் 1813 முதல் 1819 வரை முதல் ஆளுக்காகக் காத்திருந்தார். இன்றைய கணக்கில் அந்த வருஷங்களில் அவர்களுடைய அறிக்கைத் தாளில் பூஜ்யம்தான் இருந்திருக்கும், நிறையப் பேர் அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டிருப்போம். அந்தக் கிருஷ்ண பால் பிற்பாடு தானே ஒரு பிரசங்கியாகி, பாட்டும் எழுதி, மற்றவர்களுக்குச் சொன்னார்.

எண்ணிக்கை ஆசை முற்றினால் அடுத்து வருவது ஆசைகாட்டுவது. ஒருவர் வியாதியாகக் கிடக்கிறபோது, கடனில் தவிக்கிறபோது, இதுதான் சமயம் என்று போய் நிற்பது. உதவி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உதவிக்குப் பின்னால் ஒரு நிபந்தனையைக் கட்டி இழுக்காதீர்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாள் கூட்டம் தேடி வந்தபோது, "நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்" என்று இயேசு முகத்துக்கு நேரே சொன்னார். கூட்டம் கரைந்தது, அநேக சீஷர்கள் பின்வாங்கிப் போனார்கள், அவர் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பன்னிரண்டு பேரையும் பார்த்து, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார். பேதுரு தன் நிருபத்தில் எழுதுகிறார், உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. இயேசுவைப் பிடிக்க வந்தபோது வாளை உருவி ஒருவன் காதை அறுத்த பேதுரு எழுதுகிற சாந்தம் இது! மற்றவருடைய நம்பிக்கையைக் கேலி செய்துவிட்டு நம்முடைய நம்பிக்கையைச் சொல்வது எந்தக் கணக்கில் வணக்கம் ஆகும்? பிறகு, கேட்கிற யாவருக்கும் என்கிறாரே, நம்மைப் பார்த்து யாராவது கேட்கிறார்களா? அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதச்சொல்லும்போது எழுதாமல் இருந்தால் கேட்பார்கள். அவமானப்படுத்தியவரை அடுத்த நாள் இயல்பாக விசாரித்தால் கேட்பார்கள்.

ஒருவர் விசுவாசத்துக்கு வந்த பிறகு அவரோடு யார் இருப்பது என்பதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பால்கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்தோம், சுவிசேஷத்தை மாத்திரமல்ல எங்கள் ஜீவனையும் கொடுக்க மனதாயிருந்தோம் என்கிறார். கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஆறு மாதம் தங்கி உபதேசித்தார். அங்கே அவரோடு கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் பிற்பாடு எபேசுவில், அப்பொல்லோ என்ற பேச்சுவல்லவன் அரைகுறையாகப் போதிப்பதைக் கேட்டபோது, சபை நடுவில் எழுந்து திருத்தவில்லை, தனியாகக் கூட்டிப்போய் இன்னும் திட்டமாக விளக்கினார்கள். இரண்டு கைத்தொழிலாளிகள், ஒரு பெரிய பிரசங்கியைச் சீர்படுத்துகிறார்கள். அவனும் கேட்டுக்கொண்டான் பாருங்கள், அதுவும் சீஷத்துவம்தான்.

கடைசியாக, சொல்லியும் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாற்கு 10-ல் ஒரு ஆஸ்திக்காரன் இயேசுவிடம் வந்து முழங்காற்படியிட்டான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார், அன்புகூர்ந்துதான் உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற அந்தக் கடினமான வார்த்தையைச் சொன்னார். அவன் துக்கத்தோடே போய்விட்டான். ஆண்டவர் பின்னால் ஓடி, "சரி, பாதியை விற்றால் போதும்" என்று பேரம் பேசவில்லை. அவனைச் சபிக்கவும் இல்லை. நாமோ ஒருவர் மாட்டேன் என்று சொன்னதும் அவருக்குப் போன் செய்வதை நிறுத்திவிடுகிறோம், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறோம். மறுத்த மறுநாளிலிருந்து நட்பு நின்றுபோனால் அவர் நம்மை என்ன நினைப்பார்? இந்த வருஷம் உங்களிடம் வேண்டாம் என்று சொன்ன ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள், இயேசுவைப் பற்றி அவராகக் கேட்டால் ஒழிய ஒன்றும் பேசவேண்டாம், அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.