ஒன்றரை அடித் தண்ணீரும் அன்னப் பறவைகளும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பறவைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் பறவை தெரிந்தவன் இல்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் கண்மாய்க் கரைகளில் நடந்தவன். மதகு, கலுங்கு, ஷட்டர், இவைதான் என் உலகம். கொக்கும் நாமக்கோழியும் கண்ணில் பட்டிருக்கின்றன. நின்று பார்த்தேன் என்று சொன்னால் பொய்.

மகள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். "நவம்பர்ல வராதீங்கப்பா, இலையெல்லாம் கொட்டி ஊரே மொட்டையாக் கெடக்கும்" என்றாள். டிக்கெட் அப்போதுதான் மலிவு. போனேன். அவள் சொன்னது சரிதான். மரமெல்லாம் குச்சி, வானம் சாம்பல். நான்கு நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மருமகன் பொறுக்கமாட்டாமல் காரில் ஏற்றினார். தெற்கே மூன்று மணி நேரம் போனால் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரவுன்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். அதைத் தாண்டி, 26-ஆம் எண் சாலையோரம், ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு மேடை.

கார்க் கதவைத் திறந்ததுமே சத்தம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே முதல் பந்திக்கு இடம்பிடிக்கிற இரைச்சல் கேட்குமே, அப்படி. ஆற்றைப் பார்த்தால் நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை. இவ்வளவு சீக்கிரமே பனிக்கட்டி மிதக்கிறதா என்று நினைத்தேன். பனிக்கட்டி கழுத்தைத் தூக்கியது.

அன்னம். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். தூந்திர அன்னம் என்று சொல்லலாம். வடதுருவத்தை ஒட்டிய அலாஸ்கா, கனடாவின் மரமில்லாத் தூந்திர நிலத்தில் கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வந்ததும் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து அட்லாண்டிக் ஓரம் செசபீக் விரிகுடாவுக்கும் வட கரோலினாவுக்கும் போகிறது. நடுவில் இந்த ஆறு ஒரு சத்திரம். அக்டோபர் நடுவில் வரத் தொடங்கி, நவம்பர் நடுவில் கூட்டம் நிரம்பி, ஆறு உறையும்வரை தங்குகின்றன. ஆறேழு கிலோ எடை. கறுப்பு அலகு, கண்ணுக்கு முன்னால் மஞ்சளில் ஒரு பொட்டு. அந்த வருடத்துக் குஞ்சுகள் மட்டும் சாம்பல் நிறம். வெள்ளையாக இரண்டு, சாம்பலாக இரண்டு மூன்று, இப்படிக் குடும்பம் குடும்பமாக. வடக்கே முட்டையை விட்டு வெளியே வந்த பிள்ளைகளை வழி காட்டிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த இரைச்சலில் பாதி, பிள்ளையைத் தேடுகிற இரைச்சல்தான் என்று எனக்குத் தோன்றியது. தேர்த் திருவிழாவில் கேட்டதுபோல இருந்தது.

நம்மிடம் அன்னம் என்ற சொல் இருக்கிறது, பறவை இல்லை. குமரியிலிருந்து வடமலைக்குப் போகிற அன்னத்தை நிறுத்தி, உறையூரில் என் நண்பன் கோப்பெருஞ்சோழனைப் பார்த்துவிட்டுப் போ என்றார் பிசிராந்தையார். அவர் பார்த்தது எந்தப் பறவையோ. இமயமலையைத் தாண்டி இன்றும் நம் கூந்தன்குளத்துக்கு வந்து போகிற வரித்தலை வாத்தாக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஊகம். அது கிடக்கட்டும். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் சொல்லிவைத்திருக்கிற பறவை, அங்கே சேற்றையும் கிழங்கையும் பிரித்துக்கொண்டிருந்தது.

அதை இரண்டு மணி நேரம் பார்த்தேன். அன்னம் முங்காது. கழுத்து எட்டுகிற ஆழம்வரைதான் அதற்குச் சாப்பாடு. மூன்று அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நின்ற இடத்திலேயே கால்களால் மிதிமிதியென்று மிதிக்கிறது. அடியில் சேறு கலைந்து குழி விழுகிறது. பிறகு தலைகீழாகக் கவிழ்ந்து, வால் வானத்தைப் பார்க்க, குழிக்குள் கிழங்கைத் தேடுகிறது. சுற்றிலும் சின்ன வாத்துகள் காத்திருக்கின்றன. இது உழும், அவை பொறுக்கும். உழவு மாட்டுக்குப் பின்னால் கொக்கு போகிற கணக்கு.

அந்தக் கிழங்கைச் சொல்ல வேண்டும். அம்பு முனை போன்ற இலை உள்ள நீர்ச்செடி, கரையோரச் சேற்றில் வளர்வது. அங்கே அதை வாத்து உருளைக்கிழங்கு என்பார்கள். வெள்ளைக்காரர் வருமுன் அம்மண்ணின் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கால் விரலால் துழாவி எடுத்துச் சமைத்த உணவு. கேட்டதும் எனக்கு நம் கொட்டிக் கிழங்கு நினைவுக்கு வந்தது. பஞ்சத்தில் கண்மாய் வற்றிய பிறகு தோண்டித் தின்ற கதையை என் பாட்டி சொல்லியிருக்கிறாள்.

சரி, இவ்வளவு கிழங்கு அங்கே எப்படி வந்தது? இந்த இடத்தில்தான் பறவை பார்க்கப் போனவனுக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான்.

1924-இல் அந்த ஆற்றுப்படுகையில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்தைச் சரணாலயமாக்கிச் சட்டம் போட்டார்கள். சதுப்பை வடித்து வயலாக்கும் திட்டம் ஒன்று கிளம்பியபோது, வில் டில்க் என்ற சிகாகோ விளம்பரத் துறைக்காரர், தூண்டில் மீன்பிடிப்பில் பித்துப் பிடித்தவர், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போராடி வாங்கிய சட்டம். பத்து வருடம் கழித்து இன்னொரு கை வந்தது. சரக்குப் படகு போக ஒன்பது அடி ஆழம் வேண்டுமென்று 1930-களில் ஆற்றில் வரிசையாக அணையும், படகை ஏற்றி இறக்கும் பூட்டுவாயிலும் கட்டினார்கள். இன்றும் பதினைந்து தட்டைப் படகுகளை ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து ஒரே விசைப்படகு தள்ளிக்கொண்டு போகிறது. சோயாவும் மக்காச்சோளமும் போகின்றன.

அணைக்கு முன்னால் அந்த ஆறு கோடையில் இறங்கும். சேறு வெளியே தெரியும். விதை முளைக்கும். அணை வந்தபின் வருடம் முழுக்கத் தண்ணீர். முதல் சில பத்தாண்டுகள் செழிப்பாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு அலை அடித்து அடித்துத் தீவுகள் கரைந்தன. வண்டல் கலங்கி வெளிச்சம் அடிக்குப் போகவில்லை. செடி போயிற்று.

அந்தத் துறைக்காரர்கள், நம் பொதுப்பணித் துறை மாதிரி, அங்கே அது ராணுவப் பொறியாளர் பிரிவு, 2001-இலும் 2002-இலும் கோடையில் பிரவுன்ஸ்வில்லுக்குக் கீழே உள்ள எட்டாம் அணையில் தண்ணீரை ஒன்றரை அடி இறக்கினார்கள். அவ்வளவுதான், ஒன்றரை அடி. படகு தட்டாமலிருக்க ஆற்றின் நடுவழியை முன்கூட்டியே வாரிவைத்துவிட்டு இறக்கினார்கள். முதல் ஆண்டு ஏறத்தாழ 2,000 ஏக்கர் சேறு வெயிலைப் பார்த்தது. விதை முளைத்தது. கிழங்கு பருக்க இன்னொரு கோடை வேண்டும், அதனால் இரண்டாம் ஆண்டும் இறக்கினார்கள். வாரிய மணலைக் கொண்டு கரைந்த தீவுகளையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நான் பார்த்த அன்னங்கள் ஒதுங்கியிருந்தது அந்தத் தீவுகளின் மறைவில்.

முழுக் கொள்ளளவு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு நிமிர்கிற ஆள் நான். கண்மாய் ஒரு அடி குறைந்தாலும் மேலதிகாரிக்கு விளக்கம் எழுதியவன். குளம் வற்றினால் பறவை போய்விடும், கொட்டியும் ஆம்பலும்தான் கூடவே கிடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். உறவினருக்கு உவமையாகச் சொன்னது. இங்கே நடந்ததோ வேறு. கொஞ்சம் வற்றவிட்டார்கள், கொட்டி கிடந்தது, அந்தக் கொட்டிக்காகவே பறவை வந்தது. அந்த ஔவைப் பாட்டி மேடைக்கு வந்திருந்தால் தொலைநோக்கியைக் கொடுத்திருப்பேன்.

மேடையில் நின்ற வயதான வேட்டைக்காரர் ஒருவர் வேறொரு கதை சொன்னார். 1940 நவம்பர் 11, முதல் உலகப்போர் ஓய்ந்த நினைவு நாள், விடுமுறை. காலையில் இதமான வெயில். மெல்லிய சட்டையோடு வாத்து சுடப் படகில் தீவுகளுக்குப் போனார்கள். வாத்துகள் ஆயிரமாயிரமாகத் தாழப் பறந்து வந்தன, துப்பாக்கிக்குக்கூட விலகாமல். இப்படி ஒரு வேட்டை வாழ்நாளில் கிடைக்காது என்று சுட்டுக்கொண்டே இருந்தவர்கள், அவை எதிலிருந்து ஓடிவருகின்றன என்று யோசிக்கவில்லை. மதியத்துக்குள் காற்று திரும்பியது. மழை, பிறகு பனி, படகைக் கவிழ்க்கிற அலை. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மறுநாள் வினோனா ஊர் விமானி மேக்ஸ் கான்ராட், காற்று அடங்குமுன்பே ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின்மேல் தாழப் பறந்தார். உயிரோடு இருந்தவர்களுக்குத் தகர டப்பாவில் உணவும் தீப்பெட்டியும் விஸ்கியும் போட்டார். அவர்கள் இருக்குமிடத்தின் மேலேயே வட்டமடித்து மீட்புப் படகுகளுக்கு வழி காட்டினார். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் வடமேற்கு வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நானும் பார்த்தேன்.

நான் ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் மகள் வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். அதே இடம், வெறும் பனித்தகடு. ஓரத்தில் உறையாத குட்டை ஒன்றில் நாமக்கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பனி விளிம்பில் வெண்தலைக் கழுகு இரண்டு, எந்தக் கோழி சோரும் என்று காத்துக்கொண்டு. அன்னம் ஒன்றுகூட இல்லை. "போயிட்டாங்கப்பா" என்று எழுதியிருந்தாள்.

இந்தக் கதையை என்னோடு வேலை பார்த்த லஸ்கர் ஒருவரிடம் சொன்னேன். என்னைவிட மூத்தவர், நாற்பது வருடம் ஷட்டர் திறந்து மூடியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி சார், ஒன்றரை அடி எறக்கினதுக்கு எவனும் அருவாளத் தூக்கிட்டு வரலையா?" என்றார்.

"பல வருஷம் கூட்டம் போட்டுப் பேசித்தான் எறக்கினாங்க" என்றேன்.

"படகுக்காரனுக்குப் படகுக்காரன் பேசியிருப்பான். வாத்துக்கு யாரு சார் பேசினா?"

"நம்மள மாதிரி ஷட்டர் திறக்கிறவங்களும் அதுல இருந்தாங்க" என்றேன். அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, என்னை நம்பாமல் பார்த்தார்.