விஷ மண்ணை இருந்த இடத்திலேயே பூட்டுவது எப்படி?

[காட்சி: கைவிடப்பட்ட தொழிற்சாலை வளாகம். முழங்கால் உயரப் புல். நடுவே புதிதாகத் தோண்டிய குழி.]

மேலே வெறும் புல்தரைதான். இரண்டு மீட்டர் தோண்டியதும் மண் கறுப்பாகிறது. கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கூடவே அந்துருண்டை வாசனை.

ஒரு காலத்தில் இங்கே நிலக்கரியைச் சூடாக்கி எரிவாயு எடுத்தார்கள். வாயு குழாய் வழியே போய்விட்டது. மிஞ்சிய தார் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அந்த வாசனை தாரில் இருக்கும் நாப்தலீனுடையது. பென்சீனும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேறு சில சேர்மங்களும் அதே தாரில் உண்டு.

தோண்டி லாரியில் ஏற்றிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். ஆழம் குறைவென்றால் பல நேரம் அதுவே சரியான வழி. பத்து, பதினைந்து மீட்டர் வரை இறங்கியிருந்தால்? குழியின் சுவர் சரியாமல் தாங்க வேண்டும். ஊறி வரும் தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டும். திறந்த குழியிலிருந்து பென்சீன் ஆவியாகி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். இத்தனையும் தாண்டி அந்த மண் போய்ச் சேரும் இடம் இன்னொரு கிடங்குதான்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆழத்தில் கிடக்கும் விஷத்தை வெளியே சுமந்து போவது பெரும்பாலும் தண்ணீர்தான். மழைநீர் மேலிருந்து இறங்குகிறது, நிலத்தடி நீர் பக்கவாட்டில் ஓடுகிறது, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப் போகின்றன. மண்ணில் சிமென்ட் கலந்து அங்கேயே இறுக வைத்து, அந்தத் தண்ணீரின் வழியை அடைப்பதுதான் இந்த முறையின் உயிர்.

[காட்சி: கிரேனில் தொங்கும் ராட்சதத் திருகு. மெதுவாகச் சுழன்று மண்ணுக்குள் இறங்குகிறது.]

ஆள் உயரத்தைவிட அகலமான திருகுகள்கூட இந்த வேலைக்கு உண்டு. நடுத்தண்டு குழாய் போல உள்ளே வெறுமையாக இருக்கும். அதன் வழியே சிமென்ட் பால் பாய்கிறது. பெரும்பாலும் இரும்பு உலைக் கசடுத் தூளும், சில சமயம் பென்டோனைட் களிமண்ணும் அதில் கலந்திருக்கும். மண்ணை மேலே அள்ளுவதில்லை. திருகு ஏறி இறங்கி, இருந்த இடத்திலேயே மாவு பிசைவது போலப் பிசைகிறது.

ஒரு தூண் முடிந்ததும் பக்கத்தில் அடுத்தது. வட்டங்களை ஒட்டி ஒட்டி வைத்தால் நடுவே இடுக்கு விழும், தண்ணீர் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். அதனால் மீன் செதில் மாதிரி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி அடுக்குகிறார்கள். கலவை சேரச் சேர மண் உப்பிப் பெரிதாகும். மேலே பொங்கி வருவதற்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியாக வேண்டும்.

சரி, சிமென்ட் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். சில இடத்து மண்ணில் இருக்கும் ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரளவு காரத்தன்மையில் அது கரையாமல் அடங்கிவிடும். காரம் எல்லை மீறினால் மறுபடி கரையத் தொடங்கும். பாஸ்பேட் சேர்த்தால் பைரோமார்ஃபைட் என்ற கனிமமாக மாறும். அது தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. குரோமியம் என்ற உலோகத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிறக் குரோமியம் இன்னும் ஆபத்தானது, தண்ணீரோடு சுலபமாக ஓடும். இரும்பு சல்பேட் போன்ற ஒன்றைச் சேர்த்து, அதை மூன்று இணைதிறன் என்ற சாதுவான வடிவத்துக்கு இறக்கினால்தான் அடங்கும். தாரும் எண்ணெயும் சிமென்ட் இறுகுவதையே கெடுக்கும்.

ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் பக்குவம் வேறு. அந்த இடத்து மண்ணையே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், பல விகிதங்களில் கலந்து பார்த்த பிறகுதான் கிரேன் வர வேண்டும்.

[காட்சி: ஈரக் கலவை நிரப்பிய சிறு உருளைகள், வரிசையாக.]

களத்தில் கலந்த கையோடு, ஆழத்திலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். உடைத்துப் பார்க்கும்போது உள்ளே கலவை படாத ஒரு களிமண் கட்டி இருந்தால், அந்தத் தூணை மறுபடி பிசைய வேண்டும். 28 நாள் இறுகிய பின் அழுத்திச் சோதிப்பார்கள். சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு என்பது வழக்கமான அளவுகோல். கட்டடக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் இது சொற்பம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கசிவுச் சோதனை. கட்டியைத் தண்ணீரில் மூழ்க வைத்து, 63 நாள் வரை அவ்வப்போது தண்ணீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விஷம் வெளியே வந்தது என்று அளக்கிறார்கள்.

பெரிய அளவில் இது நடந்த இடம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி. எஃகு ஆலையும் கோக் உலைகளும் விட்டுப்போன சுமார் 7 லட்சம் டன் சேறு அங்கே தார்க் குட்டைகளாகக் கிடந்தது. தோண்டி எரிக்கும் முயற்சி முதலில் தோற்றது. அப்புறம் சேற்றில் சிமென்ட் கலந்து இறுக வைத்து, மேலே மூடினார்கள். 2013-ல் அங்கே பூங்கா திறந்தது.

ஆனால் விஷம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுபவரை நம்பாதீர்கள். பூட்டிய நிலத்தில் யாரும் கிணறு வெட்டக்கூடாது, அடித்தளம் தோண்டக்கூடாது என்று பத்திரத்திலேயே பதிய வேண்டும். மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, இப்படி மாசை விட்டுவைத்த இடங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி ஆராய்ந்தாக வேண்டும்.

[காட்சி: பூங்காப் புல்லுக்கு நடுவே ஒரு சிறிய இரும்பு மூடி. ஒருவர் அதைத் திறந்து குழாயை இறக்குகிறார்.]

இது கண்காணிப்புக் கிணறு. உள்ளேயிருந்து ஒரு குப்பி தண்ணீர் மேலே வருகிறது. லேபிள் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்து, இன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.