லேபிளில் இல்லாத பெயர்

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களே, கூட்டம் நீண்டால் நழுவிவிட வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் மாணவர்களே, வணக்கம்.

லாலி ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் இரும்பு அலமாரிகளில் படுத்திருக்கின்றன என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்க வேண்டாம். நான் இந்த ஊரில் தாவரவியல் கற்பிக்க வந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் முதன்முறையாக அங்கே போனேன். அதன் பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய தாவரங்களின் காப்பகம். ஊர் கோயம்புத்தூர், பெயர் மெட்ராஸ். 1853இல் ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கியது. 1909இல் இங்கே வந்தது. இப்போது இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல மையத்தில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் நாப்தலீன் உருண்டை நெடி மூக்கில் ஏறும். பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் பட்டுப்புடவையின் வாசனைதான், நூறு மடங்கு. ஒவ்வொரு செடியும் பழைய செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தப்பட்டு, பூச்சி அரிக்காமல் நஞ்சூட்டப்பட்டு, கெட்டித் தாளில் தைக்கப்பட்டிருக்கும். வலது கீழ் மூலையில் ஒரு லேபிள்: செடியின் லத்தீன் பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவர் இட்ட சேகரிப்பு எண். இன்று நான் பேச வந்தது அந்த லேபிளைப் பற்றி. அதில் இருக்கும் பெயர்களைவிட, இல்லாத பெயர்களைப் பற்றி.

அரசாங்கம் எதற்காகச் செடிகளை ஆராய்ந்தது? அழகை ரசிக்க அல்ல. கிளெகார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளர் ஆனார். அப்போது ரயில் வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை வேண்டும். எந்த மரம் எந்தக் காட்டில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வேண்டும். அவருக்கு முன் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இதே கோவையில் அமெரிக்கப் பருத்தியை விளைவித்துக் காட்டும்படி கிழக்கிந்தியக் கம்பெனியால் பணிக்கப்பட்டிருந்தார். பருத்தி அவர்கள் நினைத்தபடி கைகொடுக்கவில்லை. ஆனால் ஓய்ந்த நேரத்தில் அவர் செய்த வேலை நிலைத்துவிட்டது: 1838 முதல் 1853 வரை வெளிவந்த, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் கொண்ட தொகுதிகள்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம்மூர்க்காரர்கள். ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. வைட் ஒரு காரியம் செய்தார், அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகளிடம் நாம் எதிர்பார்க்க முடியாத காரியம்: ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தன் ஓவியரின் பெயரைச் சூட்டினார். கோவிந்துவியா. கவர்னர்களின் பெயரும் அவர்கள் மனைவிமாரின் பெயரும் பூக்களுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ஓவியரின் பெயர். ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே வேறு பெயர் பெற்றிருந்த டிரோபிடியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னால் முடிவாயிற்று. முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. நியாயமான விதிதான். அந்த விதியில் கோவிந்து போய்விட்டார்.

இனி என் கதை ஒன்று. மாணவர்களோடு ஆனைமலைக் காட்டுக்குப் போயிருந்தோம். ஒரு பெரிய மரம். பூவும் இல்லை, காயும் இல்லை. கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினேன். அந்தப் புத்தகத்தில் பூ இல்லாமல் பாதி வழிகூடப் போக முடியாது. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் காடர் இனத்தவர். அவர் பட்டையில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, முகர்ந்து பார்த்து, “கருங்குங்கிலியம்” என்றார். “பூ இல்லாமல் எப்படி அண்ணா சொல்கிறீர்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “பூத்தால்தான் தெரியும் என்றால் மிச்ச மாசமெல்லாம் நாங்கள் என்ன செய்வது அம்மா?” என்றார். நாங்கள் ஒரு கிளையை எடுத்தோம், உலர்த்தினோம், தைத்தோம். லேபிளில் சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அவர் பெயரைக் கேட்டேன் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

இந்தக் குறையைப் பெரிய இடத்தில் இருந்து பார்த்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணிபுரிந்து, பிறகு இங்கிலாந்து சென்றவர். நேரு அழைத்துவந்து, 1890இல் தொடங்கிக் காலப்போக்கில் நலிந்து கிடந்த தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை 1952இல் கொடுத்தார். அவர் மேசையில் உட்கார்ந்து சீரமைக்கவில்லை. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி, அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அது எரிக்கப்பட்டுக் கிடந்தது. உணவு விளைச்சலைப் பெருக்குகிறோம் என்று காடழித்த காலம் அது. நம் செடிகளுக்குப் பெயர் வைக்க ஆதாரமான மூலப் படிகள் லண்டனில் கிடக்க, அவற்றைப் பார்க்க நாம் அங்கே போய் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, பழங்குடி மக்களின் தாவர அறிவைத் துறையின் வேலைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்றார். பிற்காலத்தில், எண்பதை நெருங்கும் வயதிலும் கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டைக் காக்க நின்றார். அது தேசியப் பூங்காவான 1984ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் மறைந்தார்.

1982இல் மத்திய அரசு பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்க அகில இந்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் குழு 1987இல் அகத்தியமலையில் ஏறியது. ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்களோ ஏதோ ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டு துள்ளி நடக்கிறார்கள். அது என்ன என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம். வற்புறுத்திய பிறகு காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. காட்டியவர்களில் மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் பதிவாகி இருக்கின்றன. கேரளத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதனோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே பாராட்டியது.

பாராட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். பணத்தைப் பெற ஓர் அறக்கட்டளை வேண்டும். அது 1997இல்தான் பதிவாயிற்று. பணம் 1999இல் போய்ச் சேர்ந்தது, ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமாக. இதற்கிடையே அந்தச் செடியைப் பயிரிட்டு இலை விற்கப் பழக்கப்பட்ட காணிக் குடும்பங்களை வனத்துறை தடுத்தது. காப்புக்காட்டுச் செடி, கடத்தலுக்கு வழி திறந்துவிடும் என்பது அதன் பயம். பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அரசின் ஒரு கை கூலி நீட்ட, மறு கை மண்வெட்டியைப் பறித்தது. இன்னொன்று: அறக்கட்டளை கேரளத்துக் காணிகளுக்கானது. அகத்தியமலையின் இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுப் பக்கத்திலும் காணிகள் இருக்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை மாநில எல்லை பார்த்து முளைப்பதில்லை.

இப்படிப் பங்கு கொடுப்பதைக் கட்டாயமாக்கிய பல்லுயிர்ச் சட்டம் 2002இல் வந்தது. அதன் தேசிய ஆணையம் நம் சென்னையில்தான் இருக்கிறது. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏடுகளில் எழுதப்பட்ட மருத்துவ அறிவைப் பயன்படுத்துவோர் இனிப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. குட்டிமாத்தன் காணியின் அறிவு எந்த ஏட்டிலும் இல்லாததால் சட்டப்படி அவருக்குப் பாதுகாப்பு இன்னும் உண்டு என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் எனக்கு விளக்கினார். அப்படியானால் யாராவது எழுதிவைக்கும் வரைதான் பாதுகாப்பா என்று கேட்டேன். அவர் காபியை உறிஞ்சினார்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். செடி, மரம், மீன், மாடு மட்டுமல்ல. அவற்றைப் பற்றி அறிந்தவர்கள் என்று ஊரார் கருதும் ஆட்களின் பெயர்களுக்கும் அதில் தனி அட்டவணை. நூற்றைம்பது ஆண்டு லேபிளில் இல்லாத கட்டம் கடைசியில் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு பசுமைத் தீர்ப்பாயம் இந்தப் பதிவேடுகளை முடிக்க 2020 ஜனவரி 31 வரை கெடு வைத்தது. தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கெடு வைத்தால் நம் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் மலையடிவாரப் பஞ்சாயத்து ஒன்றுக்குப் போய் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். எழுத்தர் நல்ல பையன்; தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அழகான அச்சு, அழகான அட்டை. மரங்களின் பட்டியலில் அந்த ஊரில் வளரவே வாய்ப்பில்லாத மரம் ஒன்றும் இருந்தது. அறிந்தவர்கள் அட்டவணையைத் திருப்பினேன். ‘இல்லை’ என்று ஒரே வார்த்தை.

“இந்த ஊரில் பச்சிலை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா தம்பி?” என்று கேட்டேன்.

“என் பாட்டியிடம்தான் சார் சுத்துப்பட்டு ஊரெல்லாம் மருந்துக்கு வருகிறார்கள்,” என்றார் அவர். “இதை எழுத வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.”