குரூகர் காட்டில் தனியே ஒரு கார்

வணக்கம், நேயர்களே. ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் திறந்த ஜீப்பும், தொப்பி போட்ட வழிகாட்டியும், அவர் கை நீட்டும் திசையில் ஒரு சிங்கமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் இதெல்லாம் கட்டாயமில்லை. நம் முதுமலையில் வனத்துறை வண்டியில்தான் சுற்றிப் பார்க்க முடியும். குரூகரில் வாடகைக்கு எடுத்த சாதாரணக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கேயும் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் இருக்கும். முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். ஆனால் காடு பெரியது, ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். அதில் ஒற்றை ஆளாகப் போய் விலங்கைக் கண்டுபிடிப்பதும், கண்டதை இன்னதென்று சரியாகச் சொல்வதும் எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

தனியாகப் போகிறவருக்கு முதல் சிக்கல், சாலையைப் பார்க்கும் கண்ணும் காட்டைப் பார்க்கும் கண்ணும் ஒன்றே என்பது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 என்பது சட்டம் தரும் உச்ச வேகம். அந்த வேகத்தில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தெரியும், மற்றவை தப்பிவிடும். 20 முதல் 25 வரை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். இன்னொன்று, ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கக் காடு பாதிதான் தெரியும். இதற்கு ஒரே மருந்து நிறுத்துவதுதான். ஓடை குறுக்கிடும் பாலம், தண்ணீர்க் குட்டை, பெரிய மரங்கள் நிற்கும் இடம் என்று எது வந்தாலும் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு நிமிடம் இருங்கள். தனியாகப் போகிறவர் ஓட்டிக்கொண்டே பார்ப்பதை விட நின்று பார்ப்பதில்தான் அதிகம் காண்பார்.

எந்தப் பாதையில் எந்தத் திசையில் போகிறோம் என்பதும் கணக்கில் வரும். பூங்காவின் தெற்கே லோயர் சாபி முகாமிலிருந்து ஸ்குகூசா முகாம் வரை, சாபி ஆற்றின் தென்கரையை ஒட்டி எச்4-1 என்ற தார்ச்சாலை போகிறது. நீளம் சுமார் 45 கிலோமீட்டர். காலையில் லோயர் சாபியிலிருந்து கிளம்பினால் மேற்கு நோக்கிப் போவீர்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், ஆறு உங்கள் வலப்பக்க ஜன்னலில் இருக்கும். அதே சாலையில் காலையில் எதிர்த்திசையில் வந்தால் கண் கூசும், விலங்கெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும், ஆறும் தூரப்பக்கம் போய்விடும். கிளம்பியதும் சன்செட் அணையில் நில்லுங்கள். நீர்யானையும் முதலையும் அங்கே கிட்டத்தட்ட உறுதி. பாதி வழியில் இன்குலு என்ற சாப்பாட்டு நிறுத்தம் இருக்கிறது, கழிப்பறை உண்டு. தனி ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. முகாம்களிலும் இதுபோன்ற குறிப்பிட்ட இடங்களிலும் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது.

இனி, தேடுவது எப்படி? புதரைப் பார்க்காதீர்கள், புதருக்குள் பாருங்கள். முழு விலங்கு காத்திருக்கும் என்று எதிர்பார்க்காமல் ஒரு காது அசைவதை, ஒரு வால் விசிறுவதைத் தேடுங்கள். காட்டில் மரத்தண்டுகள் எல்லாம் செங்குத்துக் கோடுகள். அவற்றுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு முதுகு. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியதால் கண் அந்தத் திசையில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். வலமிருந்து இடமாகப் பாருங்கள், வேகம் தானாகக் குறையும். சிறுத்தைக்கு ஆற்றோர மரங்களின் படுக்கைவாட்டுக் கிளைகளைப் பாருங்கள். உடம்பைவிடத் தொங்கும் வால்தான் முதலில் தெரியும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். ஆகவே வெயில் ஏறியபின் மர நிழலையும் வறண்ட ஆற்று மணலையும் பார்க்க வேண்டும்.

மற்ற விலங்குகளையும் கவனியுங்கள். நாலைந்து ஒட்டகச்சிவிங்கிகள் மேயாமல் ஒரே பக்கம் வெறித்தால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. நம் புள்ளிமான் போலவே இம்பாலா என்ற மானும் ஆபத்தைக் கண்டால் குரல் கொடுக்கும், மூக்கால் வெடித்துச் சீறுவது போல இருக்கும். ஆனால் மே மாதத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அது இம்பாலாவின் இணைசேரும் காலம். ஆண்கள் உறுமும் உறுமலைக் கேட்டுச் சிங்கம் என்று அரை மணி நேரம் காத்திருப்பவர்கள் ஏராளம். பிணந்தின்னிக் கழுகுகளிலும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. விடிகாலையில் மரம் நிறையக் கழுகு உட்கார்ந்திருந்தால் இரவு தங்கிய இடமாக இருக்கலாம். காற்று சூடாகும்வரை அவை பறக்காது. பத்து மணிக்கு மேலும் மரத்திலேயே உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தால், கீழே இரையும் அதைக் காக்கும் வேட்டைவிலங்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்குப் பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) போதும். பத்து மடங்குப் பெருக்கம் கையில் ஆடும், எஞ்சின் ஓடினால் இன்னும் ஆடும். ஜன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை வைத்து அதன்மேல் கேமராவை ஊன்றுங்கள். எதைக் கண்டாலும் முதலில் ஒரு சாட்சிப் படம் எடுத்துவிடுங்கள், அழகு பிறகு. பக்கத்தில் எழுத ஆள் இல்லாததால், வண்டியை நிறுத்திவிட்டு போனில் குரல்குறிப்பாக நேரம், சாலை எண், கண்ட அடையாளம் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளுங்கள்.

அடையாளம் காண்பதில் புதியவர்கள் நிறத்தில் தொடங்குகிறார்கள். நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். உடல் வடிவம், நிற்கும் விதம், பின்புறம், முகம், கொம்பு, கடைசியாக நிறம் என்று போங்கள். பின்புறத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. மான் வகைகளை நாம் பெரும்பாலும் அவை விலகிப் போகும்போதுதான் பார்க்கிறோம். பின்புறத்தில் கறுப்புக் கோடுகளும், பின்னங்காலில் குளம்புக்கு மேலே கறுப்பு மயிர்க்கொத்தும் இருந்தால் இம்பாலா. வெள்ளை வளையம் போட்டிருந்தால் வாட்டர்பக். குடு, நியாலா, இம்பாலா மூன்றிலும் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. அதனால் கொம்பை நம்பிக் குறிப்பு எழுதுகிறவர் பெண் நியாலாவை எப்போதும் தவறவிடுவார். அது செம்பழுப்பு நிறம், உடலில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள். ஆண் நியாலாவோ கருஞ்சாம்பலும் சடைமயிருமாக, முழங்காலுக்குக் கீழே மஞ்சள் காலுறை போட்டது போல இருக்கும். சின்ன மானாக ஒன்று தனியே நின்றால் வாலைப் பாருங்கள். உடம்பின் நிறத்திலேயே குட்டை வால் என்றால் ஸ்டீன்பாக். மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக இருந்தால் டைக்கர்.

சிறுத்தைக்குப் பூப்போன்ற வளையப் புள்ளிகள், கனத்த தோள். சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) நிரம்பிய உருண்டைப் புள்ளிகள், சின்னத் தலை, ஒட்டிய இடுப்பு, கண்ணிலிருந்து வாயோரம்வரை கறுப்புக் கோடு. காண்டாமிருகத்தில் இரண்டு வகை. வெள்ளை வகைக்குச் சதுர வாய், தலை தாழ்ந்து புல் மேயும். கறுப்பு வகைக்குக் கொக்கி போன்ற மேலுதடு, புதரைக் கடிக்கும். இரண்டும் சாம்பல் நிறமே. கள்ள வேட்டையைத் தடுக்கப் பல காண்டாமிருகங்களின் கொம்பை நிர்வாகமே வெட்டிவிடுவதால் கொம்பை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு இணையத்தில் போடவே போடாதீர்கள்.

பறவைகளில் நாள்காட்டியே பாதி அடையாளம். நம் பனங்காடையின் உறவான ஊதா மார்புப் பனங்காடை ஆண்டு முழுவதும் இருக்கும். அதன் வாலின் இரு ஓரங்களிலும் நீண்ட இறகு நீட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பியப் பனங்காடைக்கு அந்த நீட்சி இல்லை, அது அங்கே கோடையில், அதாவது டிசம்பரை ஒட்டிய மாதங்களில் மட்டும் வரும் விருந்தாளி. ஆகவே ஜூன் மாதத்தில் வால்நீட்சி இல்லாத ஒன்றைப் பார்த்தால் அது ஐரோப்பியப் பனங்காடையாக இருக்காது, ஊதா மார்புப் பனங்காடையின் இளம்பறவையாகவோ வாலிறகு உதிர்ந்த பறவையாகவோ இருக்கலாம். பேட்டலர் கழுகு பறக்கும்போது வாலே இல்லாதது போல் தெரியும். இறக்கையின் பின்விளிம்பில் கறுப்புப் பட்டை அகலமானால் ஆண், மெல்லியதானால் பெண். பழுப்புக் கழுகுகளில் தடுமாறினால் ‘பழுப்புக் கழுகு’ என்றே எழுதிவிட்டு நகருங்கள். ஊகத்தில் வைத்த பெயரைவிட அந்தக் குறிப்பு மேல்.

யானையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம்மூர் யானையைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் வளரும். பக்கவாட்டில் நெற்றி உருண்டிருந்தால் ஆண், கோணமாக இருந்தால் பெண். அடுத்தது மதநீர். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் கன்னத்தில் நீர் வடியும். ஆகவே கன்னக்கோடு மட்டும் மதமல்ல. ஆண் யானையில் அதோடு சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்து, தலையைத் தூக்கி வீசி நடந்தால்தான் மதம். அப்போது நூறு மீட்டருக்குக் குறையாமல் விலகி இருங்கள். சிங்கத்தின் அருகே எஞ்சினை அணைக்கலாம், யானைக்கு அருகே அணைக்காதீர்கள். கூட்டம் சாலையைக் கடக்கும்போது தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டி போகக் கூடாது. காதை விரித்து, பிளிறி, தலையை உயர்த்தி ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல். காது ஒட்டி, தும்பிக்கை சுருண்டு, தலை தாழ்ந்து வந்தால் அது நிஜம். எதுவென்று ஆராய நிற்க வேண்டாம். மெதுவாகப் பின்னால் எடுங்கள். அதற்காகவே, பின்னால் வேறு வண்டி ஒட்டி நிற்காத இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

போன் சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது. நுழைவாயிலிலேயே பூங்காவின் அவசர எண்ணைக் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். டயர் பஞ்சரானாலும் முதலில் உள்ளேயே இருந்து அழையுங்கள், அல்லது அடுத்து வரும் வண்டியைக் கேளுங்கள். தண்ணீர் ஐந்து லிட்டர் இருக்கட்டும். மலேரியா உள்ள பகுதி, புறப்படுமுன் மருத்துவரைப் பாருங்கள்.

லோயர் சாபியிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால், நின்று நின்று வந்து ஸ்குகூசாவை அடையப் பத்து மணி தாண்டிவிடும். வெயில் நேரத்துக்கு அருகிலேயே லேக் பானிக் என்ற ஏரிக்கரையில் மரத்தாலான பறவை மறைவிடம் இருக்கிறது. அங்கே இறங்கி உட்காரலாம், இரண்டு கண்ணும் காட்டுக்கே கிடைக்கும். நம் ஏரிகளில் பார்க்கும் அதே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அங்கேயும் உண்டு. மார்பில் இரண்டு பட்டை இருந்தால் ஆண், ஒன்றே என்றால் பெண். குளிர்காலத்தில், மே முதல் ஜூலை வரை, முகாம் வாசலை மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். தாமதித்தால் அபராதம். ஒன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். கிழக்கே திரும்பும்போது வெயில் மறுபடி முதுகுப்பக்கம்தான். இந்த முறை வலப்பக்க ஜன்னலில் ஆற்றுக்கு எதிர்ப்புறத்துக் காடு இருக்கும். காலையில் பார்க்காமல் விட்ட பக்கம் அதுதான்.