முதலில் மூச்சைக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் பதினெட்டு ஆண்டுகளாக யோகம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர் செருப்பைக் கழற்றும்போதே தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: "எனக்குக் குனிந்தால் கை காலைத் தொடாது. பரவாயில்லையா?" யோகம் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் பாதி முடிவு செய்துவிட்டுத்தான் படியேறி வருகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

யோகத்துக்கு மூல நூலான பதஞ்சலியின் யோகசூத்திரத்தில், பதிப்புக்குத் தக்கபடி, 195 அல்லது 196 சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனம் எப்படி அமைய வேண்டும், அதனால் என்ன பயன் என்று பேசுபவை அவற்றில் மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. 'ஸ்திரசுகம் ஆசனம்' என்கிறார். ஆட்டமில்லாமல், அதே சமயம் சுகமாக இருந்தால் அது ஆசனம். அவ்வளவுதான் இலக்கணம். சொல்லுக்கே இருக்கை என்றுதான் பொருள். இன்று படங்களில் நாம் பார்க்கும் கடினமான நிலைகளெல்லாம் பின்னால் வந்த ஹடயோக மரபில் விரிந்தவை.

இந்தச் 'சுகம்' என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத பிரியம். அதற்குக் காரணம் உண்டு. இருபத்து நான்கு வயதில் ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் நடந்துகொண்டிருந்தது. என் நெற்றி முழங்காலைத் தொடவில்லை. நடத்தியவர் பின்னால் வந்து முதுகில் கைவைத்து அழுத்தினார். தொடையின் பின்பக்கம் சுளீரென்றது. நெற்றி தொட்டுவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மூன்று மாதம் பஸ் படியில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த இடம் பிடித்து இழுத்தது. அவர் அழுத்திய அந்த நேரத்தில் நான் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மூச்சு அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

சித்தத்தின், அதாவது மனத்தின், அலைகள் அடங்குவதே யோகம் என்று நூலின் இரண்டாவது சூத்திரம் சொல்கிறது. அந்த அலைகள் ஓயாமல் அடிக்கிறபோது கூடவே என்னென்ன வரும் என்றும் பதஞ்சலி கணக்கெடுக்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட உள்மூச்சும் வெளிமூச்சும். மூச்சு அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். இன்ன நேரத்தில் வருகிறேன் என்ற பிள்ளை வராமல், அலைபேசியையும் எடுக்காமல் இருக்கும் இரவில் நம் மூச்சு எங்கே நிற்கிறது? மார்பின் மேல்பாதியோடு நின்றுவிடுகிறது. மனத்தைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. மூச்சை மெல்ல வெளியே விடுவதை யாரும் செய்யலாம். மனம் தெளிய அவர் சொல்லும் வழிகளில் அதுவும் ஒன்று.

யோகத்தின் எட்டு அங்கங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் பகுதியில் இவற்றைத் தமிழில் வரிசையாகப் பாடியிருக்கிறார். எட்டையும் இங்கே விளக்கப் போவதில்லை. முதல் அங்கமான இயமத்தின் முதல் சொல் அகிம்சை. அடுத்தவரை நோகடிக்காதே என்றுதான் அதைப் படிக்கிறோம். பாயில் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு மிக அருகில் இருக்கும் உயிர் நீங்கள்தான். உங்கள் முழங்காலிடமும் முதுகிடமும் தொடங்குங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

நம் சென்னைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1930-களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குத் துடிப்பான பயிற்சி கொடுத்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1950-களின் தொடக்கத்தில் இங்கே வந்து குடியேறினார். பின்னாளில் உலகெங்கும் யோகத்தைக் கொண்டுசென்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் மைசூரில் கற்றவர்கள். சென்னையில் அவரிடம் நோயாளிகளும் வயதானவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, அவரவர் உடலுக்கும் வயதுக்கும் தக்கபடி பயிற்சியை அமைத்துக் கொடுத்தார். பொறியியல் படித்த அவர் மகன் தேசிகாச்சார் அதே வழியைத் தொடர்ந்து, 1976-இல் தந்தையின் பெயரால் இங்கே யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தை நிறுவினார். நூறு வயது வாழ்ந்து 1989-இல் கிருஷ்ணமாச்சாரியார் மறைந்ததும் இந்த ஊரில்தான். ஆளுக்கு ஏற்ற ஆசனம் என்ற அவர்களுடைய கொள்கையைத்தான் நானும் நம்பிப் பிழைக்கிறேன்.

என்னிடம் ஓர் அம்மா வருகிறார். வயது அறுபத்தெட்டு, கோவில் வாசலில் பூக்கட்டி விற்றவர். தரையில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது. முதல் நாள் நாற்காலியில் அமர்ந்து கைகளை மேலே தூக்கச் சொன்னேன். தோள் இரண்டும் காதுவரை ஏறின, கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சு பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. கையை முகத்தின் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள் அம்மா, போதும் என்றேன். இரண்டு மாதம் அவ்வளவே செய்தோம். ஒரு நாள் அவராகவே, "இப்பல்லாம் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வர்றதில்ல தம்பி" என்றார். அவர் கை இன்னும் தலைக்கு மேல் நேராகப் போகவில்லை.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும். உயர் ரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் தலைகீழ் நிலைகள் பக்கமே போகாதீர்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் இப்போதைக்கு வேண்டாம். திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, மூச்சை வெளியே விடும் இரேசகத்துக்கு 32 என்று கணக்குச் சொல்லியிருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். அது குருவின் முன் அமர்ந்து பல ஆண்டுகள் பழகியவர்களுக்கான கணக்கு. வீட்டுக் கூடத்தில் தனியே முயல வேண்டாம்.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் அடுப்பருகில் நிற்பவர்களும் விட்டுவிடுங்கள். மற்றவர்கள் நாற்காலியின் முன்விளிம்பில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படியட்டும். உள்ளங்கைகளை மடியில் வையுங்கள். மூச்சு உள்ளே வரத் தொடங்கட்டும். அது தொடங்கிய பிறகு கைகளை முன்பக்கமாக உயர்த்துங்கள். மூச்சு நிறைவதற்குச் சற்று முன்பே கை நிற்கட்டும். வலிக்காத உயரம் போதும். இனி மூச்சு வெளியே போகத் தொடங்கியதும், அதன் பின்னாலேயே கைகளை இறக்குங்கள். அவசரம் வேண்டாம். இப்படி ஆறு முறை. நடுவில் மூச்சு சிக்கினால் கையின் உயரத்தைக் குறையுங்கள்.

ஆறாவது முறை கைகள் மடிக்கு வந்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மின்விசிறி சுற்றும் சத்தமும் தெருவில் போகும் ஆட்டோவின் சத்தமும் கேட்கும், கேட்கட்டும். இயல்பாக வந்து போகும் மூச்சோடு கொஞ்ச நேரம் இருங்கள்.

வணக்கம்.