செவில் நகரத் தண்ணீர்க்காரர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சமையற்கட்டையும் தெருவில் பிழைப்போரையும் தீட்டிய ஓவியங்களுக்குப் 'போதெகோன்' என்று பெயர். மலிவான சாப்பாட்டுக்கடையைக் குறிக்கும் சொல் அது. புனிதர்களையும் அரசர்களையும் தீட்டுவதே உயர்ந்த கலை என்று கருதிய அரண்மனை ஓவியர் கார்துச்சோ, 1633இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வகை ஓவியங்களைக் கலைக்கு இழுக்கு என்றே சாடினார். ஸ்பானிய ஓவியர் டியேகோ வெலாஸ்கெஸின் ஆசிரியரான பாச்சேகோவோ, 1649இல் வெளிவந்த தம் நூலில், வெலாஸ்கெஸ் தீட்டுவதுபோல் தீட்டினால் அவற்றை மதிக்கத்தான் வேண்டும் என்று வாதாடினார். வெலாஸ்கெஸ் அவருக்கு மருமகனும் கூட. ஆனால் மாமனாரின் பரிவு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. சாட்சி கண்முன் இருக்கிறது.

அந்தச் சாட்சி, 1620ஆம் ஆண்டையொட்டி, இருபது வயதை ஒட்டிய வெலாஸ்கெஸ் தீட்டிய 'செவில் நகரத் தண்ணீர்க்காரர்'. செவில், தென் ஸ்பெயினில் உள்ள நகரம். முன்புறத்தில், சட்டகத்தையே தாண்டி வந்துவிடுவதுபோல், ஒரு பெரிய மண்குடம். குயவரின் விரல்கள் சக்கரத்தில் விட்டுச்சென்ற வரிகள் அதன் வயிற்றில் தெரிகின்றன. மேலே நீர்த்துளிகள் ஒளியைப் பிடித்து நிற்கின்றன. மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துளிகளைப் பார்த்ததுமே தொண்டை குளிரும். கண்ணாடிக் கோப்பையின் அடியில் கிடக்கும் கருநிறப் பொருளை, தண்ணீருக்கு மணமேற்றப் போட்ட அத்திப்பழம் என்பார்கள்.

தண்ணீர் விற்கும் கிழவரின் பழுப்பு மேலங்கி தோளருகே பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சட்டை தெரிகிறது. வெயிலில் காய்ந்த முகம். ஆனால் இரக்கத்தைக் கோரும் சாயல் அதில் துளியும் இல்லை. கோயில் சடங்கை நடத்துபவரைப் போல் நிதானமாக நிற்கிறார். ஏழையைக் காட்டிக் கண்ணீர் வரவழைப்பது எளிது. அவருடைய சரக்கையும் கைப்பக்குவத்தையும் இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதுதான் மரியாதை என்பது என் கருத்து.

படத்தின் பயணமோ விசித்திரமானது. வெலாஸ்கெஸ் மாட்ரிட் அரண்மனையில் கால் வைக்க உதவிய குருவானவர் ஃபொன்சேகாவிடம் அது இருந்தது. அவர் இறந்த 1627இல் அவருடைய சேகரிப்பை மதிப்பிட்டவர் வெலாஸ்கெஸேதான்; தம் படத்துக்கு 400 ரெயால் (அக்கால ஸ்பானிய வெள்ளி நாணயம்) விலை குறித்தார். பிறகு அது அரச உடைமையாயிற்று. 1813இல் விட்டோரியா போரில் தோற்றோடிய, நெப்போலியனின் அண்ணனும் அவர் ஸ்பெயினுக்கு நியமித்த மன்னருமான ஜோசப் போனபார்ட்டின் மூட்டைகளிலிருந்து பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் கைக்குப் போய், பின்னர் மீண்டும் அரியணையேறிய ஸ்பானிய மன்னர் பெர்டினாண்டின் கொடையாக வெலிங்டனிடமே தங்கிவிட்டது. இன்று லண்டனில், வெலிங்டன் வாழ்ந்த ஆப்ஸ்லி மாளிகையில் இருக்கிறது. ஒரு கோப்பை தண்ணீருக்குச் செப்புக்காசு வாங்கிப் பிழைத்த மனிதர், பிரபுவின் சுவரில் நிற்கிறார்.

கோப்பையை ஒரு சிறுவன் வாங்குகிறான். இருவர் கைகளும் அதன் மேல் இருக்கின்றன, பார்வைகள் சந்திக்கவில்லை. இருவருக்கும் இடையே, நிழலில் மூன்றாவது ஆள் ஒருவர் குடித்துக்கொண்டிருக்கிறார். சிறுவன் இன்னும் குடிக்கவில்லை. கிழவரும் இன்னும் கையை எடுக்கவில்லை.