படத்தோடு சண்டை பிடிப்பவளும் தமிழ்ப் பிள்ளைதான்

நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன்னால் கதைத்துவிட்டு மண்டபத்தில் இருந்த கைதட்டல் முழுவதையும் வாரிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அண்ணனுக்கும், பொங்கல் சாப்பிட்ட மயக்கத்திலும் நித்திரை கொள்ளாமல் இருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

'புலம்பெயர்ந்த மண்ணில் நம் பிள்ளைகளைத் தமிழரென்று உணர வைப்பது சினிமாவா, அரசியலா?' என்பது தலைப்பு. எனக்குச் சினிமா. ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நானாகவே கேட்டு வாங்கினேன். வீட்டில் இவர் கேட்டார்: "உமக்கென்ன விசரே? கனடாவில், அதுவும் ஸ்காபரோவில் நின்றுகொண்டு அரசியலை விடச் சினிமா பெரிது என்று சொன்னால் சனம் சும்மா விடுமா?" பாருங்கள், இன்னும் விட்டுத்தான் வைத்திருக்கிறீர்கள்.

அண்ணன் பத்து நிமிடத்தில் எங்கள் சரித்திரத்தையே அடுக்கிவிட்டுப் போனார். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நம் அகதிகள் 155 பேர், 2009 மே மாதம் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி நம் சனம் மறித்த டொரொண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலை, 2011-இல் ஸ்காபரோ ரூஜ் ரிவரில் வென்று கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழராக ராதிகா சிற்சபைஈசன், பிறகு 2014-இல் ஒன்ராறியோவும் 2016-இல் ஒட்டாவாவும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று அறிவித்தது, எல்லாம் சொன்னார். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க வரவில்லை. அந்தத் திங்கள் இல்லாவிட்டால் இந்த மண்டபமும் இல்லை, நானும் இந்தச் சேலையை அலுமாரியில் இருந்து எடுத்திருக்க மாட்டேன்.

கார்டினரில் நானும் நின்றேன். மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம் வேறு. மகளுக்கு அப்போது மூன்று வயது, ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். போன வருடம் அவளிடம் கேட்டேன், அந்த இரவைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குளிர், அப்புறம் யாரோ ஒரு அன்ரி தந்த பிஸ்கட்" என்றாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த இரவு எனக்குச் சொந்தமானது. தொலைபேசியில் வன்னிக்கு அடித்து அடித்து மறுமுனையில் ஒருவரும் எடுக்காத நாட்கள் எனக்குத்தான் இருந்தன, அவளுக்கு இல்லை. போர் முடிந்த மே 18 அன்று ஒவ்வொரு வருடமும் என்னோடு வந்து மெழுகுதிரி ஏற்றுகிறாள், தலை குனிந்து நிற்கிறாள், மரியாதையாகத்தான் நிற்கிறாள். ஆனால் அது என் துக்கத்துக்கு அவள் தரும் மரியாதை. அடுத்த நாள் செவ்வாயோ புதனோ, அவள் பாட்டுக்கு பஸ் ஏறி வளாகத்துக்குப் போகிறாள். நான் கேட்பது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அன்றைக்கு அவளுக்குள் தமிழ் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வகுப்புக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அவள் வாயிலிருந்து ஒருவரும் கேட்காமலே வந்த முதல் முழுத் தமிழ் வசனம் வடிவேலுவுடையது. ஆறு வயதில், தகப்பன் காரைப் பின்னால் எடுக்கும்போது குப்பைத் தொட்டியில் இடித்ததும், பின் சீற்றில் இருந்து அவரைப் போலவே இழுத்து ஒரு வசனம் விட்டாள் பாருங்கள், அந்த நேரம் அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான தமிழை எந்தப் பாடப் புத்தகமும் கொடுத்திருக்காது.

அங்கேதான் பிரச்சினையும் தொடங்கியது. பிள்ளை சென்னைத் தமிழ் கதைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அப்பம்மாவிடம் போய், "அப்பம்மா, நான் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்னடி பிழை செய்தனான், என்னத்துக்கு என்னைப் பேசப் போறாய்?" சிரிக்கிறீர்கள், யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கிவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. மற்றதெல்லாம் கதைப்பது. அன்று பின்னேரம் முழுக்க மாமி பேத்தியை இருத்தி வைத்து வகுப்பெடுத்தார். அவர்கள் தூங்குவார்கள், நாங்கள் நித்திரை கொள்வோம். அவர்களுக்குத் தேங்காய்த் துருவல், எங்களுக்குத் தேங்காய்ப்பூ. அதுவரை எங்கள் வீட்டில் 'எங்கட தமிழ்' என்று தனியாக ஒன்று இருந்ததே பிள்ளைக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள் போடும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். படத்தில் வேறு மாதிரித் தமிழைக் கேட்ட பிறகுதான் தன் வீட்டில் இருப்பது என்ன தமிழ் என்று அவளுக்குத் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், நடுவர் ஐயா. சினிமா நம்மைச் சரியாகக் காட்டுகிறது என்று நான் சொல்லவே இல்லை. பெரும்பாலும் பிழையாகத்தான் காட்டுகிறது. அந்தப் பிழையோடு போடும் சண்டையில்தான் நம் பிள்ளைகள் தாங்கள் யார் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. சென்னையில் வளரும் சிறுமி, தன்னைப் பெற்ற தாய் ஈழத்தில் இருக்கிறாள் என்று தெரிந்து, அவளைத் தேடி மாங்குளம் போகும் கதை, ஆறு தேசிய விருது வாங்கிய படம். மகளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒரு குளிர்கால விடுமுறையில் எல்லோரும் இருந்து பார்த்தோம். இவர் பாதியில் கோபப்பட்டு எழும்பினார். "இதென்ன மாங்குளம்? மாங்குளம் இப்படியே இருக்கும்?" மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அப்ப எப்படி அப்பா இருக்கும்?"

இருபது வருடக் கல்யாணத்தில் நான் கேட்காத கதை அன்று வெளியே வந்தது. கண்டி வீதியில் இருந்து முல்லைத்தீவு ரோடு பிரியும் சந்தி, சந்தியில் தேத்தண்ணிக் கடை, அந்தக் கடை வாசலில் கடைசியாக அவர் தன் அண்ணனைக் கண்டது, பிறகு கொழும்பு, அங்கிருந்து எத்தனை நாடு, எத்தனை மாதம், எந்தெந்தப் பெயர். மேசையில் இருந்த உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் வைத்து ரோடு போட்டுக் காட்டினார். படம் அப்படியே நிறுத்தியபடி நின்றது, முடிவை அடுத்த நாள்தான் பார்த்தோம். ஒரு கூட்டத்திலும், ஒரு ஊர்வலத்திலும் அவர் இதைச் சொன்னதில்லை. அங்கே யாரும் பிழையாக ஒன்றைச் சொல்லி அவரைக் கிளப்பிவிடவில்லையே!

சரி, அடுத்தது 2020. அந்த வருடம் இரண்டு நடந்தன. மிசிசாகாவில் பிறந்து வளர்ந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், 15,000 பேர் முயற்சி செய்த தேர்வில் தெரிவாகி நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வந்தார். மகளும் கூட்டாளிகளும் துள்ளிக் குதித்தார்கள், அதில் சண்டை இல்லை, விடுவோம். மற்றது 'ஃபனி போய்'. ஷியாம் செல்வதுரையின் நாவல், தீபா மேத்தா இயக்கியது, 1983-க்கு முந்திய கொழும்பில் ஒரு தமிழ்ப் பையனின் கதை. முக்கிய பாத்திரங்களில் பலர் தமிழர் இல்லை, அவர்கள் வாயில் தமிழ் கடிபட்டது. முன்னோட்டம் வந்த உடனேயே இங்கே பிள்ளைகளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் மகள், 'ழ' சொல்லச் சொன்னால் இன்றைக்கும் நாக்கைத் தேடுகிறவள், கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்துகிறாள்: "அம்மா, இது தமிழா? எங்கட கதையைச் சொல்லுறது என்றால் எங்கட மாதிரிக் கதைக்கத் தெரிய வேணும்!" எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பத்து வருடம் காசு கட்டிப் படிப்பித்தும் வராத தமிழ்க் கோபம், ஒரு மூன்று நிமிட முன்னோட்டத்தில் வந்துவிட்டது.

அந்தப் படத்தைக் கனடா ஒஸ்காருக்கு அனுப்பியது, பிறமொழிப் படப் பிரிவுக்கு. படத்தில் ஆங்கிலம் கூடிப்போய்விட்டது என்று அந்தப் பிரிவில் இருந்து எடுத்துவிட்டார்கள். உரையாடலில் பாதிக்கு மேல் வேறு மொழியாக இருக்க வேண்டுமாம். 50 வீதம்! நல்ல காலம், ஒஸ்கார்க்காரர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்து இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எதிரணித் தங்கச்சி கேட்டார், சினிமா உண்மையைச் சொல்லுமா, அரசியல்தானே சொல்லும் என்று. எனக்கு இதில் வேறு கருத்து. 2010-இல் 492 தமிழ் அகதிகளோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது நம்மில் எத்தனை பேர் வாயைத் திறந்தோம்? அவர்களைப் பல மாதம் தடுத்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு பிறந்தநாள் வீட்டில், என்னைப் போலவே அகதியாக வந்து, இப்போது மார்க்கம் நகரில் நாலு அறை வீடு வைத்திருக்கும் ஒருவர், இந்த ஆட்கள் வரிசையில் நிற்காமல் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு ரோல்ஸ் கடித்தார். தான் எந்த வரிசையில் நின்று வந்தவர் என்று அவருக்கு மறந்துபோச்சு. மேடை அரசியலில் நாங்கள் எப்போதும் வீரர் அல்லது பாதிக்கப்பட்டவர், இரண்டே வேஷம்தான். பொய்ப் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள் நாங்கள் என்று மைக்கில் சொல்ல முடியாது, சொன்னால் அதை வைத்தே அடிப்பார்கள், அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் 2015-இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' அதைத்தான் சொன்னது. செத்துப்போன மூன்று பேரின் பாஸ்போர்ட்டில், ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேர் அப்பா, அம்மா, பிள்ளை என்று நடித்துக்கொண்டு பிரான்ஸ் போகிறார்கள். முன்னாள் போராளி பாரிஸ் தெருவில் மின்னுகிற விளையாட்டுச் சாமான் விற்கிறார். எடுத்தவர் பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார், நடித்தவர் நம்முடைய எழுத்தாளர் ஷோபாசக்தி, அவரும் சின்ன வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து பிறகு பிரான்சுக்கு அகதியாகப் போனவர். படத்தின் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவே இல்லை, திடீரென்று துவக்குச் சண்டைப் படமாகிவிடும். இருந்தாலும் அந்த விளையாட்டுச் சாமான் விற்கும் காட்சியில் இவர் சொன்னார், "நான் கடிகாரம் வித்தனான்." மகள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள்.

சென்னைப் படங்களின் குற்றம் எனக்கும் தெரியும், அதைச் சொல்லாமல் போனால் மனச்சாட்சி விடாது. அமெரிக்க மாப்பிள்ளை என்று ஒருவர் வருவார் பாருங்கள், கோட் போட்டுக்கொண்டு, அரைகுறைத் தமிழோடு, கதாநாயகியை இழப்பதற்கென்றே விமானம் ஏறி வந்தவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை இரண்டு வேலை பார்த்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு ஸ்னோ தள்ளுகிறார், கோட் போட்டுக்கொண்டுதான், ஆனால் அந்தக் கோட்டில் ஒருவரும் பாட்டுப் பாட முடியாது. அது ஒருபுறம். கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவது, கதாநாயகியின் நிறம் பற்றிய பைத்தியம், எல்லாம் கப்பல் ஏறாமலே இங்கே வந்துவிட்டது. வெட்கம்தான்.

ஆனால் இந்தக் குறையால் என்ன நடக்கிறது என்று மலேசியாவைப் பாருங்கள். தோட்டங்களில் இருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களின் பிள்ளைகள் எப்படி அடிதடிக் கும்பல்களுக்குள் போனார்கள் என்ற கதையைச் சென்னை எடுக்கப்போவதில்லை. அவர்களே எடுத்தார்கள், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', அவர்களுடைய மலேசியத் தமிழில். 2016-இல் அங்கே திரைப்பட விழாவில் மலாய்ப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்கு இன்னொரு பிரிவு என்று பிரித்து வைத்ததற்கு எதிர்ப்புக் கிளம்பி, மொழிப் பிரிவினையையே எடுக்க வேண்டி வந்தது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் 'ஜகாட்' தான். தமிழ்ப் படமும் மலேசியப் படம்தானா என்று ஒரு நாடே யோசிக்க வேண்டி வந்தது, அண்ணா. இது யாருடைய கணக்கில் போகும்? உங்கள் கணக்கிலா, என் கணக்கிலா?

மணி அடிக்கிறீர்கள், விளங்குகிறது, ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். இதே ஜனவரி மாதம், 1917-இல், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் ஒரு பிள்ளை பிறந்தது. தாய் தகப்பன் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளிகள். பிழைக்க வந்த இடத்தில் பிறந்த பிள்ளை, நம் பிள்ளைகளைப் போல. தகப்பன் இறந்த பிறகு குடும்பம் கும்பகோணம் போனது, அங்கே நாடகக் கம்பெனி, பிறகு சினிமா. 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சர். எம்.ஜி.ஆர். மலையாளி என்று அவருடைய அரசியல் எதிரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சனம் காது கொடுக்கவில்லை. அவர் தமிழர் என்று சனம் தியேட்டரிலேயே முடிவெடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ராஜா, மனோகரா, வின்சர் தியேட்டர்களில் எங்கள் அப்பாமாரும் அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அண்ணன் அரசியலுக்கு உதாரணமாக அவரைச் சொல்லப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், நல்லவேளை மறந்துவிட்டார்.

தீர்ப்பு எந்தப் பக்கம் என்றாலும் கெதியாகச் சொல்லிவிடுங்கள், ஐயா. இரவு ஒன்பது மணிக் காட்சிக்கு என் மகள் கூட்டாளிகளோடு எட்டு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள், கொண்டுபோய் விடுவது நான்தான். அந்த எட்டில் ஒன்று எதிரணித் தலைவர் அண்ணனுடைய மகளுக்கு. படம் சரியில்லாவிட்டால் திரும்பி வரும்போது காருக்குள் நடக்கும் சண்டையை நீங்கள் கேட்க வேண்டும், அண்ணா. உங்கள் பிள்ளைதான் எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்துவது, முழுக்கத் தமிழில்.